மாரிக்கு முன் ஓடு மாற்றுவது அவிசுவாசமா?

தம்பி, நீர் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள உங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தீர். மாரி தொடங்குமுன் சபை மண்டபத்தின் ஓடுகளையும் பீலிகளையும் திருத்தி, கொஞ்சம் அரிசி, பருப்பு, மருந்து, தறப்பாள் சேர்த்து வைத்தால், வெள்ளம் ஏறும்போது தாழ்ந்த வளவுகளில் இருக்கிறவர்களை அங்கே தங்கவைக்கலாம் என்றீர். மூத்த ஐயா ஒருவர் எழுந்து, "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அவர் காட்டாத வேலையை நாமாக இழுத்துப் போடுவது மாம்சத்தின் ஆர்வம்" என்றார். கூட்டம் அத்தோடு அடங்கிப்போனது. முன்வருவதும் முன்கூட்டி ஆயத்தப்படுவதும் விசுவாசக் குறைவா என்று கேட்கிறீர்.

குறைவில்லை. ஆனால் ஐயாவை முழுக்கத் தள்ளிவிடவும் என்னால் முடியாது. அவர் பயப்படுகிற ஆபத்து ஒன்று உண்டு. ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வசனம். மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் விலக்குவது கவலையை. எதை உண்போம், எதை உடுப்போம் என்று இரவு முழுக்கப் புரளுகிறவனுக்குச் சொன்ன வார்த்தை அது. அதை எடுத்து, ஒழுகுகிற கூரையைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்கிறவனுக்குத் தலையணையாகக் கொடுக்கக் கூடாது. உண்மையில் இரவில் கவலைப்பட்டுப் புரளுகிறவன் பெரும்பாலும் பகலில் ஒன்றும் செய்யாதவன்தான். இது என் அனுபவம், வேத வசனமல்ல.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த ஆகாரமான மன்னாவின் கதையை ஐயாவுக்கு நினைவுபடுத்தும். யாத்திராகமம் பதினாறாம் அதிகாரம். ஒரு நாளின் மன்னாவை மறுநாளுக்கென்று வைத்தவர்களுடைய பாத்திரத்தில் புழு நெளிந்தது, நாறியது. இதைப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அதே அதிகாரத்தில் ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறதே, அதைக் கேட்டிருக்கிறோமா? ஏழாம் நாளில் கூடையோடு வெளியே போனவர்கள் ஒன்றும் காணாமல் திரும்பினார்கள். ஒரு நாள் சேர்த்துவைப்பது கீழ்ப்படியாமை, இன்னொரு நாள் சேர்த்துவைக்காததே கீழ்ப்படியாமை. மன்னா ஒன்றுதான், நாள்தான் வேறு. ஆண்டவரும் அப்படித்தான் நடந்தார். பையும் பாதரட்சையும் இல்லாமல் சீஷர்களை ஒருமுறை அனுப்பினார். கடைசி இரவிலோ, பணப்பை உள்ளவன் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்றார். லூக்கா 22இல் இருக்கிறது. முதல் கட்டளையை மட்டும் மனப்பாடம் செய்துவைப்பது நமக்கு வசதியாக இருக்கிறது.

இனி மத்தேயு இருபத்தைந்தின் பத்துக் கன்னிகைகளுக்கு வருவோம். மணவாளனை எதிர்கொள்ள விளக்கோடு போன பத்துப் பேரில் ஐந்து பேர் மட்டும் மேலதிகமாக எண்ணெய் கொண்டுபோன கதை. சிறுவயதில் அந்த உவமை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. புத்தியுள்ள ஐந்து பேரும் எண்ணெயில் கொஞ்சம் கொடுத்திருக்கலாமே, இதென்ன கிறிஸ்தவம் என்று ஞாயிறு பள்ளியில் கேட்டு ஆசிரியையிடம் முறைப்பு வாங்கியிருக்கிறேன்.

பதில் எனக்கு எங்கள் வீட்டுக் குசினியில் கிடைத்தது. 1990களின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தடைசெய்யப்பட்ட பொருள், கிடைத்தாலும் விலை கைக்கெட்டாது. அம்மா ஒரு ஜாம் போத்தலைக் கழுவிக் காயவைப்பார். அடியில் பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், ஒரு துளி கூடினாலும் வீண். சைக்கிள் டியூபிலிருந்து கழற்றிய வால்வுக்குள் திரியைக் கோர்த்து, கம்பியில் பிடித்து உள்ளே இறக்குவார். போத்தலே சிமிலி. அந்த வெளிச்சத்தில் எழுத்து தெரிய வேண்டுமென்றால் கொப்பியை விளக்கோடு ஒட்டி வைக்க வேண்டும். அதைச் சுற்றி நாங்கள் மூன்று பிள்ளைகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு சோதனைக்குப் படித்தோம்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் கேட்டு வந்தார். அம்மா கொடுத்தார், கொடுக்காமல் இருக்கிற ஆள் அல்ல அவர். அன்று இரவு எட்டு மணிக்கு எங்கள் விளக்கு அணைந்தது. சிறிது நேரத்தில் வேலிக்கு அப்பால் அவர்களுடையதும் அணைந்தது. இரண்டு வீடும் இருட்டு. "எங்களுக்கும் உங்களுக்கும் போதாமலிராதபடி" என்று அந்தக் கன்னிகைகள் சொன்னது கஞ்சத்தனமில்லை, கணக்கு என்று அப்போது விளங்கியது. ஊர்வலத்துக்கு ஐந்து விளக்காவது முடியும்வரை எரிய வேண்டும்.

அம்மா செய்தது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் சிலவற்றைப் பங்குபோட முடியாது என்பது உண்மை. என் ஜெப வாழ்க்கையிலிருந்து அரைப் போத்தல் ஊற்றி உமக்குத் தர என்னால் இயலாது. வருத்தம் வந்தபின், மரணம் வந்தபின், அடுத்த வீட்டுக்காரரின் விசுவாசத்தைக் கடன் கேட்க முடியாது. இன்னொன்றையும் கவனியும்: பத்துப் பேருமே தூங்கினார்கள். விழித்திருந்தவர் ஒருவருமில்லை. மணவாளன் வரத் தாமதித்தான், எல்லோரும் அசந்துவிட்டார்கள், அதற்காக ஐந்து பேரை ஒருவரும் கண்டிக்கவில்லை. தூங்குமுன் செய்துவைத்த வேலையில்தான் வித்தியாசம் இருந்தது. பதறிப் பதறி விழித்திருப்பதை ஆயத்தம் என்று நினைக்கிறவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆயத்தமானவன் நிம்மதியாகத் தூங்கலாம்.

இனி என் பங்குக்கு ஒரு வெட்கக்கேடு. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையை நீர் சிறு பிள்ளையாகப் பார்த்திருப்பீர். கிணற்றுக் கட்டோடு வெள்ளம் நின்ற வீடுகள் இருந்தன. எங்கள் சபை மண்டபம் மேட்டில் இருந்தது. இருட்டுகிற நேரத்தில் ஏழெட்டுக் குடும்பங்கள், குழந்தைகளும் துணி மூட்டைகளுமாக, மண்டபத்து விறாந்தைக்கு வந்துவிட்டன. கதவு பூட்டியிருந்தது. திறப்பு வைத்திருந்தவர் வேறு ஊரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பாதை வெள்ளத்தில், போர்க்காலம் வேறு, இரவில் யாரை எங்கே அனுப்புவது? இரண்டாவது திறப்பு ஒன்று வெட்டிப் போதகர் வீட்டில் வைக்க வேண்டும் என்று ஒன்பது மாதங்களுக்கு முன்பே தீர்மானம் நிறைவேற்றியிருந்தோம். அந்தத் தீர்மானத்தை அழகான கையெழுத்தில் பதிவு செய்த செயலாளர் நான்தான். தீர்மானம் புத்தகத்தில் இருந்தது, திறப்பு வெட்டப்படவேயில்லை. கடைசியில் யன்னல் கம்பியை வளைத்து ஒரு பையனை உள்ளே இறக்கினோம்.

அன்று இரவு எங்களைக் காப்பாற்றியவர் ஒழுங்கை முனையில் தனியாக இருந்த ஒரு ஆச்சி. சைவக்காரர், எங்கள் சபைக்கு வந்ததே இல்லை. ஆடி ஆவணி முழுக்க அவர் வளவில் பொறுக்கிய காய்ந்த பனங்கொட்டை ஊமல், கொக்காரை, பன்னாடை, பொச்சுமட்டை என்று அடுப்பெரிக்க உதவுகிறதெல்லாம் உரப் பைகளில் கட்டி, தாழ்வாரத்தில் கற்களுக்கு மேலே பலகை போட்டு அடுக்கி வைத்திருந்தார். ஊரெல்லாம் விறகு ஊறிக் கிடந்தபோது அவருடைய ஊமல் மட்டும் சடசடவென்று பற்றியது. இரண்டு பையை எங்கள் பையன்களின் தலையில் ஏற்றிவிட்டார். பெரிய கிடாரத்தில் தேத்தண்ணீர் கொதித்தது. ஒருவரும் அவரிடம் போய்க் கேட்கவில்லை, அவராகவே படலையைத் திறந்துகொண்டு வந்து, "அடுப்புக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்றார். எங்களிடம் ஜெபம் இருந்தது, பாட்டுப் புத்தகம் இருந்தது, அடுப்புக்கு ஒன்றுமில்லை.

நீதிமொழிகளில் எறும்பைப் பற்றி வருகிற இடத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்த ஆச்சி என் கண்முன் வருவார். "அதற்குப் பிரபுவும், தலைவனும், அதிகாரியும் இல்லாதிருந்தும், கோடைகாலத்தில் தனக்கு ஆகாரத்தைச் சம்பாதித்து, அறுப்புக்காலத்தில் தனக்குத் தானியத்தைச் சேர்த்து வைக்கும்." நாம் கோடைகாலத்தையும் தானியத்தையும் பிடித்துக்கொண்டு வசனத்தின் முதல் பாதியை விட்டுவிடுகிறோம். அதிகாரி இல்லாதிருந்தும்! சொல்ல ஆளில்லாமலே செய்கிறது எறும்பு. நீர் கேட்ட இரண்டு கேள்விகளும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. ஆயத்தமாயிருப்பவன்தான் முன்வர முடியும். கையில் ஊமல் பை இல்லாமல் முன்வருகிறவன் குறுக்கே நிற்கிற இன்னொரு ஆள், அவ்வளவுதான்.

சரி, அழைப்பு வராமல் எப்படி இறங்குவது என்ற ஐயாவின் கேள்வி? பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரனாயிருந்த நெகேமியாவுக்கு வானத்திலிருந்து சத்தம் வரவில்லை, முட்செடி எரியவில்லை. ஊரிலிருந்து வந்தவர்களிடம் எருசலேமைப் பற்றி விசாரித்தான். அலங்கம், அதாவது நகர மதில், இடிந்து கிடக்கிறது என்ற செய்தி கிடைத்தது. அழுதான், உபவாசித்தான், ஜெபித்தான். அது கிஸ்லேயு மாதம். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதத்தில். நம் கணக்கில் கார்த்திகை அல்லது மார்கழியிலிருந்து பங்குனிவரை, ஏறக்குறைய நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் அவன் சும்மா இருக்கவில்லை என்பது ராஜா கேட்டதும் தெரிந்துவிடுகிறது. என்ன வேண்டும் என்கிறார், யூதாவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறான். எவ்வளவு காலம் செல்லும் என்று கேட்கிறார், காலத்தைக் குறித்துச் சொல்கிறான். பிறகு அவனாகவே, நதிக்கு அப்பால் உள்ள அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், வாசல்களுக்கு மரம் தர வனக்காவலன் ஆசாப்புக்குக் கடிதம் வேண்டும் என்கிறான். வனக்காவலனுடைய பெயர்வரை விசாரித்து வைத்திருக்கிறான்! முதல் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே பரலோகத்தின் தேவனை நோக்கி ஒரு குட்டி ஜெபமும் செய்கிறான். நான்கு மாத ஜெபம் பின்னால் இருந்ததால்தான் அந்த ஒரு நொடி ஜெபம் போதுமானதாயிருந்தது என்று நினைக்கிறேன்.

எருசலேமுக்குப் போனபின்பும் மேடை போடவில்லை. மூன்று நாள் இருந்துவிட்டு, இரவில் சிலரோடு மட்டும் எழுந்து, அலங்கத்தை வாசல் வாசலாகப் பார்வையிட்டான். ஒரு இடத்தில் அவன் ஏறியிருந்த மிருகம் போக வழியில்லாமல் போயிற்று. அதன் பிறகுதான் மக்களிடம் பேசினான். நீரும் கூட்டத்தில் பேசுவதற்கு முன் மண்டபத்துக் கூரையில் ஏறிப் பார்த்தீரா? எத்தனை ஓடு உடைந்திருக்கிறது, முகட்டோடு எத்தனை, பீலி எங்கே துருப்பிடித்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தால், ஐயா வசனத்தைத் தேடியிருக்க மாட்டார், கண்ணாடியைத் தேடியிருப்பார்.

ஐம்பத்திரண்டு நாளில் அலங்கம் முடிந்தது. பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். தட்டானும், பரிமளத் தைலக்காரனும், தன் குமாரத்திகளோடு வந்த ஒருவனும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை என்று ஒரு வரி வருகிறது. எல்லாச் சபையிலும் ஒரு தெக்கோவா உண்டு. அவர்களைத் திருத்த வேண்டாம். நெகேமியா ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டான்.

இப்போது ஐயாவின் பக்கம். சவுல் கில்காலில் ஏழு நாள் காத்திருந்தான். பலியிட வேண்டிய சாமுவேல் வரவில்லை, ஜனங்கள் சிதறினார்கள், பெலிஸ்தர் கூடினார்கள். தானே பலியிட்டுவிட்டான். அதுவும் முன்வருதல்தான், ராஜ்யபாரத்தை இழக்கவைத்த முன்வருதல். அவனை இறக்கியது பயம், செய்தது இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை. நெகேமியாவோ ராஜாவிடம் அனுமதி கேட்டவன். இந்த இரண்டையும் ஒவ்வொரு முறையும் உம்மிடம் கேட்டுப் பாரும்: பதற்றத்தில் இறங்குகிறேனா, இது யாருடைய வேலை? ஓடு மாற்ற உமக்கு அபிஷேகம் தேவையில்லை. ஆனால் மண்டபம் சபையினுடையது, போதகரையும் செயற்குழுவையும் கேட்டுத்தான் ஏணி வைக்க வேண்டும்.

உமது யோசனைக்கு வேதத்தில் மிகக் கிட்டிய முன்மாதிரி அப்போஸ்தலர் பதினோராம் அதிகாரம். அகபு என்ற தீர்க்கதரிசி எழும்பி, பஞ்சம் வரப்போகிறது என்று அறிவித்தான். அந்தியோகியாவில் இருந்தவர்கள் பஞ்சம் வரட்டும், பார்ப்போம் என்று இருக்கவில்லை. அவரவர் தங்கள் தங்கள் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு அகபுகூடத் தேவையில்லை. ஐப்பசியில் மழை வரும் என்பது தீர்க்கதரிசனமா?

களஞ்சியம் கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. எகிப்தில் பஞ்சத்துக்கென்று யோசேப்பும் சேர்த்தான், லூக்கா பன்னிரண்டில் வருகிற ஐசுவரியவானும் சேர்த்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு களஞ்சியமும் ஒன்றுபோலத்தான். ஐசுவரியவான் "என் தானியம், என் களஞ்சியம்" என்றான், யோசேப்பு ஊருக்காக ஐந்தில் ஒரு பங்கு எடுத்துவைத்தான். ஆனால் யோசேப்பின் கதையையும் கடைசிவரை வாசியும். ஆதியாகமம் நாற்பத்தேழில் அதே தானியத்துக்காக ஜனங்கள் ஆடுமாட்டையும், நிலத்தையும், கடைசியில் தங்களையும் பார்வோனுக்கு விற்கிறார்கள். சேமிப்பின் திறப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் பெரியவராகிவிடுவார். நிவாரண வரிசையில் நின்ற ஊர் எங்கள் ஊர், இதை உமக்கு விளக்க வேண்டியதில்லை. அரிசிப் பையைக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவார்களா என்று பார்க்காதேயும். சைவ வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே அளவு.

அரிசியோடு ஆயத்தம் முடிந்துவிடுவதுமில்லை. உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று பேதுரு எழுதுகிறார். யாழ்ப்பாணத்தில் இது லேசான காரியமில்லை, இங்கே கேட்கிறவர்கள் படித்துவிட்டுக் கேட்பார்கள். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர் ஆறுமுக நாவலர். பின்னாளில் அவர் மிஷனரிகளை எதிர்த்து எழுதியபோது, எங்கள் வேதத்திலிருந்தே எடுத்து எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் விவாதத்துக்கு வேதாகமத்தோடு மிக ஆயத்தமாக வந்தவர் ஒரு சைவர் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும். வரட்டும், வேதத்தைத் திறந்து படிப்பார்கள்.

எங்கள் பக்கத்திலும் அப்படி உழைத்தவர்கள் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மானிப்பாயில் வைத்தியம் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலாம் என்று துணிந்தவர். துணிந்தபோது பாடநூல் இல்லை, நூல் எழுதச் சொற்களே இல்லை. தமிழ் படித்து, மாணவர்களோடு சேர்ந்து கலைச்சொற்களைத் திரட்டி, உடற்கூறும் சத்திரசிகிச்சையும் இரசாயனமும் தமிழில் வரச் செய்தார். 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும் அந்த நூல் வேலையை விடவில்லை. வகுப்பில் ஒரு மணி நேரம் தமிழில் பேசுவதற்கு முன்னால் எத்தனை ஆண்டுகள் சொல் பொறுக்கினார் என்று நினைத்துப் பாரும். அவரும் ஊமல் பொறுக்கியவர்தான்.

சரி, உமது மண்டபம். மாரி வாசலில் நிற்கிறது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். அரிசியை இப்போதே வாங்காதேயும், வண்டு பிடிக்கும். கடைக்காரர் ஒருவரிடம் முன்கூட்டிப் பேசிவைத்தால் போதும். அதைவிட அவசரம் ஒரு பட்டியல்: ஒழுங்கை ஒழுங்கையாக, நடக்க முடியாதவர்கள் யார், தனியாக இருப்பவர்கள் யார், இன்சுலின் ஏற்றுகிறவர்கள் யார், யாரை யார் போய்க் கூட்டிவருவது. இதை வாலிபர் கூட்டம் இரண்டு சனிக்கிழமையில் செய்துவிடலாம், ஒரு சதமும் செலவில்லை. கிராம சேவையாளரிடம் ஒரு பிரதி கொடும். குடிநீருக்கு மூடியுள்ள பரல் இரண்டு வேண்டும், வெள்ளம் வந்தால் முதலில் கெடுவது கிணறுதான். உலர்ந்த விறகு, நான் சொல்லாமலே செய்வீர். ஓடு மாற்றுகிற ஆளை ஆவணி முடியுமுன் பிடியும், புரட்டாதியில் ஊர் முழுக்க அவரைத்தான் தேடும்.

மண்டபத்துக்கு மூன்று திறப்பு வெட்டும், தீர்மானம் எழுதுவதற்கு முன்பே. ஒன்று போதகர் வீட்டில், ஒன்று உம்மிடம். மூன்றாவதை அந்த மூத்த ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடும். மழை இரவில் அவர் வீட்டை விட்டு எங்கும் போகமாட்டார்.